தொப்பைக்கு ஒரு மூடி

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பீங்கான் அருங்காட்சியகத்தை வருஷத்தின் பெரும்பகுதி யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வெயில் ஏறியதும் தெருவுக்கே கலை ஆர்வம் வந்துவிடும். காரணம், உள்ளே ஏசி. மண்ணில் பிடித்து நெருப்பில் வெந்த சாமானை வெயிலா வந்து ஒன்று செய்துவிடும் என்று அங்கே வேலை பார்ப்பவர்களே சிரிக்கிறார்கள். ஆனாலும் யாரோ ஒரு புண்ணியவான் மாட்டி வைத்திருக்கிறான். தெருவாசிகளுக்கு நுழைவு இலவசம் என்று வேறு எழுதிப் போட்டிருக்கிறான். நாம் ஏன் கேள்வி கேட்கப் போகிறோம்.

இந்தக் கோடைக்கு வாசலில் பை வாங்கி வைக்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் போய் உட்கார்ந்தேன். உள்ளே போகிறவர்கள் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். தோளில் தொங்குகிற பை இடித்து எதையாவது தள்ளிவிட்டால் யார் பதில் சொல்வது. ஒரு தெருவைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல நாற்காலி கிடையாது. நான் எந்தப் பையையும் திறந்து பார்த்தவள் இல்லை. தூக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

மூத்தவளும் இளையவளும் அங்கே சந்தித்துக்கொள்வது அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. மூத்தவள் என்றால் தையல்காரரின் மனைவி. இளையவள் என்றால் தையல்காரரின் தம்பி, மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, அவருடைய மனைவி. ஓரகத்திகள். இரண்டு வீடும் எதிரெதிர். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று பல வருஷம் ஆகிறது. புருஷன்மார் பேசாதபோது பெண்டாட்டிகள் பேசினால் நன்றாகவா இருக்கும் என்று இவர்களும் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவார்கள். ஒருத்தி குப்பை கொட்ட வெளியே வந்தால் மற்றவள் கதவை அடித்துச் சாத்துவாள். என்ன ஆங்காரம் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போதுதான் புரிகிறது, ஒரு தடவை சாத்தினால் இன்று வர முடியாது, இரண்டு தடவை சாத்தினால் மத்தியானம் வந்துவிடு என்று அர்த்தம். அந்தக் கதவின் கீல்தான் பாவம்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து தெரு உறங்கும் நேரத்தில் முதலில் மூத்தவள் வருவாள், கொஞ்சம் கழித்து இளையவள். இருவர் பையும் ஒரே கனம், ஒரே மாதிரி வாசனை. ஒருத்தி செய்ததை மற்றவளுக்குக் கொடுத்து மாற்றி எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று முகர்ந்தாலே தெரியும். இருவரும் நேராக மாடியில் உள்ள அடுப்பு அறைக்குப் போவார்கள். குளிர்காய மூட்டும், பழைய காலத்துப் பீங்கான் ஓடு பதித்த கணப்பு அடுப்புகள் ஆளுயரத்துக்கு அங்கே நிற்கின்றன. கோடையில் அடுப்பைப் பார்க்க யார் போகப் போகிறார்கள்? நடுவில் ஒரு பெஞ்சு. அதில் அவர்கள் உட்கார்ந்து பேசுவதைக் காவலாளி தூங்குவதற்கான தாலாட்டாகவே வைத்துக்கொண்டுவிட்டார்.

சண்டை எதற்காக என்றுதானே கேட்கிறீர்கள். ஒரு கிண்ணத்துக்காக.

அண்ணன் தம்பியின் அம்மாவிடம் மூடிபோட்ட பெரிய பீங்கான் கிண்ணம் ஒன்று இருந்தது. வெள்ளை உடம்பு, விளிம்பில் நீலக் கோடு, இரண்டு பக்கமும் காது மாதிரிப் பிடி, மூடியில் பிடித்துத் தூக்க ஒரு குமிழ். வயிறு முன்னால் தள்ளி நிற்கும் என்பதால் வீட்டில் அதற்குத் தொப்பை என்று பேர். அம்மா போன பிறகு சாமான்களைப் பிரித்தார்கள். கட்டில், பீரோ, கடிகாரம் எல்லாம் ஒரு சத்தமும் இல்லாமல் பிரிந்தது. தொப்பையில் வந்து நின்றுவிட்டது. எனக்கு, உனக்கு என்று சாயங்காலம் வரைக்கும் போனது. நடுவில் உட்கார்ந்திருந்த தாய்மாமனுக்குப் பசி. அவர் எரிச்சலில், "அப்ப ஒருத்தன் கிண்ணத்தை எடு, ஒருத்தன் மூடியை எடு, ஆளை விடுங்கடா" என்றார். அவர் கிண்டலுக்குச் சொன்னார். இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தாய்மாமன் அன்றோடு ஊருக்கு மத்தியஸ்தம் பேசுவதை விட்டுவிட்டார்.

கிண்ணம் அண்ணனுக்குப் போனது, மூடி தம்பிக்கு. தம்பி என்ன செய்தார், மூடியைத் தன் வீட்டுத் தெருப்பக்க ஜன்னலில், அண்ணன் தையல் மெஷினில் உட்கார்ந்து தலை நிமிர்ந்தால் நேராகக் கண்ணில் படுகிற மாதிரி, வைத்துவிட்டார். வெறும் மூடி, அதற்குத் தினமும் துடைப்பு வேறு. தையல்காரர் அதைப் பார்த்துப் பார்த்தே ஒரு தீர்மானத்துக்கு வந்தார்: வீட்டை விற்றுவிட்டு ஊரின் அந்தக் கோடிக்குப் போய்விடுவது. தரகர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டும் போனார்.

இது நடந்துகொண்டிருக்கும்போதுதான் அருங்காட்சியகத்தில் கோடைக் கண்காட்சி அறிவித்தார்கள். இந்த வருஷம் "நம் வீட்டுப் பீங்கான்". தெருவில் யார் வீட்டில் பழைய பீங்கான் இருந்தாலும் இரவல் கொடுக்கலாம், பக்கத்தில் குடும்பத்தின் பேரோடு அட்டை வைப்பார்கள். அங்கே இயக்குநர் ஒருவர் இருக்கிறார். எந்நேரமும் வெள்ளைக் கையுறையோடு திரிவதால் தெருவில் அவருக்குக் கையுறை ஐயா என்று பேர். சோப்பு வாங்க வந்தால்கூடக் கழற்றமாட்டார். அவர் வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டில் இருந்த ஒரு தட்டைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துவிட்டு, ரொம்ப நல்ல தட்டு, தினமும் இதிலேயே சாப்பிடுங்கள் என்றார். அதன் அர்த்தம் எனக்கு ராத்திரி படுக்கும்போதுதான் விளங்கியது.

தையல்காரர் வீட்டில் கிண்ணத்தைப் பார்த்ததும் அவர் கையுறைக்குள் விரல் துடித்ததாம். பிறகு மூடி எங்கே என்றார். தையல்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கையுறை ஐயா எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே மூடியைப் பார்த்தார், கிண்ணம் எங்கே என்றார். கண்ணாடிக்கடைக்காரரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கண்காட்சியின் நடுமேஜையே உங்களுக்குத்தான், பாதியாக என்றால் வேண்டாம் என்று இரு வீட்டிலும் சொல்லிவிட்டுப் போனார். மூளியாக இருப்பதை வைக்க மாட்டார்களாம்.

அந்த ஒரு வார்த்தை போதாதா. தையல்காரர் அன்றே சாப்பாட்டு மேஜையில் சபதம் மாதிரி ஒன்று சொல்லியிருக்கிறார். எனக்கு அது மூத்தவள் வாயால்தான் வந்தது. யாரோ குடையை விட்டுவிட்டுப் போனார்கள், கொடுக்கலாம் என்று மாடிக்குப் போனேன். குடைக்காரர் கீழே கழிப்பறையில் இருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அடுப்பு அறை வாசலில் காலுக்குச் செருப்பு சரியாக மாட்டவில்லை, நின்று சரிசெய்தேன்.

மூத்தவள் அழவில்லை. அழுகிறவளாக இருந்தால் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

"முழுக் கிண்ணமா நடுமேஜையில வச்சுக் காட்டிட்டு, கையோட அதைத் தூக்கிட்டுப் போயிடுவேங்கிறார். இங்க மண் பட்டறை நடக்குதுல்ல, அங்க போய் அவரே ஒரு மூடி செய்யப் போறாராம். மூடி பொருந்திடுச்சுன்னா அப்புறம் இந்தத் தெருவுல எனக்கு என்ன வேலைங்கிறார். எனக்கு வேலை இருக்கேடி."

"பொருந்தாதுக்கா."

"அவர் அளந்து எது பொருந்தாம போயிருக்கு?"

அது இளையவளுக்கும் தெரியும். அவள் புருஷன் இன்றைக்கும் கடைக்குப் போட்டுக்கொண்டு போவது சண்டைக்கு முன்னால் அண்ணன் தைத்துக் கொடுத்த பேண்ட்தான். வேறு எவன் தைத்தாலும் இடுப்பில் நிற்கமாட்டேன் என்கிறதாம். வெளியே சொல்லிவிடாதீர்கள்.

"அந்தக் கோடியில இருந்து இங்க வரணும்னா ரெண்டு பஸ் மாறணும்" என்றாள் மூத்தவள். "வந்து? யாரைப் பாக்க வந்தேன்னு சொல்றது? இந்த அடுப்பையா?"

அதாவது அந்தக் கோடையில் எங்கள் தெருவில் ஒரு ஜீவன், தன் புருஷன் செய்யப்போகும் மூடி பொருந்தாமல் போக வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது. பாவம், தையல்காரரோ வாழ்நாளில் ஒரு சட்டைக்குக் கை குறைத்து வெட்டியவர் இல்லை.

பட்டறை அருங்காட்சியகத்தின் பின்முற்றத்தில் நடந்தது. என் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் ஜன்னல் வழியாக முழுவதும் தெரியும், திருப்பிப் போட்டேன். வெளியூரிலிருந்து கோடைக்கு மட்டும் வந்திருந்த பெண் ஒருத்தி கற்றுக்கொடுத்தாள். மண் டீச்சர் என்று பிள்ளைகள் கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. காலையில் ஒரு வகுப்பு, சாயங்காலம் ஒரு வகுப்பு. காலை வகுப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவே தையல்காரர், கழுத்தில் இஞ்ச் டேப்போடு. சாயங்கால வகுப்பில், கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தவர் யார் என்கிறீர்கள்? தம்பிதான். அண்ணன் மூடி செய்கிறான் என்ற செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அவன் மூடி செய்தால் நான் கிண்ணம் செய்ய மாட்டேனா என்று கிளம்பிவிட்டார். மூடியைத் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வருவார்.

மண் டீச்சருக்கு இவர்கள் அண்ணன் தம்பி என்பது தெரியாது. யாரும் சொல்லவில்லை. வெளியூர்ப் பெண், எதற்கு அவள் தலையில் பாரம்.

முதல் நாளே அவள் இரண்டு வகுப்புக்கும் ஒரே விஷயத்தைச் சொன்னாள். களிமண் காயும்போது சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும், அதனால் எது செய்தாலும் வேண்டியதைவிடப் பெரிதாகச் செய்யுங்கள் என்று. தையல்காரர் கண்ணால் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், காதால் கேட்கவில்லை. டீச்சரின் சட்டையில் இடது தோள் தையல் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. அது ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவருக்கு உலகம் மறந்துபோகும். கல்யாண வீட்டிலேயே மாப்பிள்ளையின் காலரைப் பார்த்துக்கொண்டு வாழ்த்துச் சொல்ல மறந்தவர். வேடிக்கை என்னவென்றால், கடைக்கு வரும் புதுத்துணியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சுருங்குவதெல்லாம் சுருங்கி முடிந்த பிறகுதான் கத்தரியைக் கையில் எடுப்பார். துணி சுருங்கும் என்று தெரிந்தவருக்கு மண்ணும் சுருங்கும் என்று தோன்றவே இல்லை.

தம்பி காதால் நன்றாகவே கேட்டார். கேட்டுவிட்டு, அது சின்னப் பிள்ளைகளுக்குச் சொன்னது என்று தீர்மானித்துக்கொண்டார். கண்ணாடியின் சட்டத்துக்குள் வில்லையைத் தேய்த்து உட்கார வைக்கிறவருக்குப் போய் அளவு சொல்லித் தருவதா.

ஆக இருவரும் உழைத்தார்கள். தையல்காரர் வீட்டில் கிண்ணத்தின் வாயை உள்ளும் புறமும் டேப் வைத்து அளந்து, அதே அளவுக்கு மண்ணை வட்டமாகத் தட்டி, வாய்க்குள் இறங்கி நிற்க அடியில் ஒரு வளையம் ஒட்டி, குமிழ் வைத்து, ஊசிமுனையால் விளிம்பைச் சீவினார். பக்கத்தில் இருந்த பிள்ளை செய்த யானையின் தும்பிக்கை கோணல் என்று அதையும் அளந்து திருத்தினார். தம்பி அந்தியில் மூடியைக் கவிழ்த்து, அடிவளையத்தை அளந்து, மண்ணைத் திரிதிரியாக உருட்டி அடுக்கி அடுக்கி, தொப்பை தள்ளிய ஒரு கிண்ணத்தை எழுப்பினார். நீலம் பூசும்போது ஒருவர் கிண்ணத்தின் கோட்டைப் பார்த்துப் பூசினார், மற்றவர் மூடியின் கோட்டைப் பார்த்துப் பூசினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. அண்ணன் போய்க் கை கழுவிய தொட்டியில்தான் தம்பி வந்து கை நனைப்பார்.

ஓரகத்திகளின் சந்திப்பு மத்தியானம் என்பதால் ஆபத்தில்லாமல் ஓடியது. ஒருநாள் மட்டும் தையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானத்தில் வந்து நின்றார். பழங்காலத்து மூடிகள் எப்படி உட்காருகின்றன என்று கண்ணாடிப் பெட்டிகளில் பார்க்க வேண்டுமாம். மூடிகள் இருப்பது மாடியில், அடுப்பு அறையைத் தாண்டி. அந்த நேரம் இருவரும் பெஞ்சில். டேப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போகலாம் என்று சொன்னேன். அப்படி ஒரு சட்டம் அங்கே கிடையாது. அந்த நிமிஷம் நான் போட்டது. அவர் கையைக் கழற்றித் தரச் சொல்லியிருந்தால்கூட யோசித்திருப்பார், டேப் என்றதும் குதித்துவிட்டார். இது தொழில், இது பை இல்லை, இதால் எது உடையும் என்று ஊருக்கே கேட்கும்படி என்னோடு வாதாடினார். அந்தக் குரல் மாடிவரை போனது. பின்படி வழியாக இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் இறங்கி ஓய்ந்த பிறகு, சரி போங்கள் என்றேன். அதன் பிறகு மூத்தவள் வந்து தன் பையை வாங்கினாள். அதிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நன்றாகத்தான் சமைக்கிறாள்.

பட்டறையில் செய்ததை எல்லாம் டீச்சர் உடனே கையில் கொடுக்கவில்லை. காயவைத்து, சூளையில் வேகவைத்து, பூச்சுப் பூசி மறுபடி வேகவைத்து, பட்டறையின் கடைசி நாளில், கோடைக் கண்காட்சி திறக்கும் அன்றே, முற்றத்தில் மேஜை போட்டு எல்லோர் கைவேலையையும் வைப்பது என்று ஏற்பாடு. அதனால் யாரும் தங்கள் சாமானை அன்றுவரை கண்ணால் பார்க்கவில்லை. தையல்காரர் ரொம்ப நம்பிக்கையாக இருந்தார். தரகரை அதற்கு அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார் என்று மூத்தவள் பெஞ்சில் சொன்னாள். அதற்குமேல் அவள் அன்று எதுவும் பேசவில்லை. இளையவளும் பேசவில்லை. காவலாளிக்குத்தான் அன்று தூக்கம் கெட்டது.

கடைசி நாள் முற்றம் முழுவதும் ஆட்கள். மேஜை மேல் யானைகள், சோப்புத் தட்டுகள், எதற்கு என்று செய்தவருக்கே தெரியாத சில குழிகள். நடுவில், ஒரு துணி விரித்து அதன்மேல் மூடிபோட்ட ஒரு கிண்ணம். வெள்ளை உடம்பு, நீலக் கோடு, தொப்பை. ஆனால் அம்மாவின் தொப்பையைவிடச் சிறியது. கையுறை ஐயா அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

தையல்காரர் வீட்டுக் கிண்ணத்தைப் பையில் தூக்கிக்கொண்டு வந்தார், மூடியைப் போட்டு நடுமேஜைக்கு ஏற்றிவிடலாம் என்று. பின்னால் மூத்தவள். மறு வாசல் வழியாகத் தம்பி, துண்டில் சுற்றிய மூடியோடு. பின்னால் இளையவள். இருவரும் ஒரே நேரத்தில் மேஜையின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். எனக்கு அன்று பை வாங்குகிற வேலை அவ்வளவாக இல்லை. முன்வரிசையில் இடம் கிடைத்தது.

"இது என் மூடி" என்றார் தையல்காரர். "இதை எவன் இந்தக் கிண்ணத்து மேல வச்சது?"

"நான்தான்" என்றாள் மண் டீச்சர். "சூளையிலேர்ந்து எடுக்கும்போது ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு. வச்சுப் பாத்தேன், கச்சிதமா உக்காந்துச்சு. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு செஞ்சிருக்கீங்களோன்னு நினைச்சேன்."

"கிண்ணம் நான் செஞ்சது" என்றார் தம்பி, டீச்சரைப் பார்த்து.

"அவரை அவர் கிண்ணத்தை எடுத்துக்கச் சொல்லுங்க டீச்சர்."

"முதல்ல அவர் மூடியை எடுக்கச் சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் பாவம், இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு மூக்கும் ஒரே அச்சு என்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

தையல்காரர் மூடியை எடுத்தார். பையிலிருந்து அம்மாவின் கிண்ணத்தை வெளியே வைத்து, ஒரு சட்டையைத் தோளில் போட்டுப் பார்க்கிற பதவிசோடு மூடியை வாய்மேல் வைத்தார். மூடி விளிம்பில் நிற்கவில்லை. நேராக உள்ளே போய், தொப்பையின் அடியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடேயே துண்டைப் பிரித்து அம்மாவின் மூடியைத் தன் கிண்ணத்தில் வைத்தார். பெரியவர் தொப்பியைச் சின்னப் பிள்ளை தலையில் கவிழ்த்த மாதிரி அது காது வரைக்கும் இறங்கி ஆடியது. சிரிப்பு நின்றது.

"முதல் நாளே சொன்னேனே" என்றாள் டீச்சர், மெதுவாக. "மண்ணு சுருங்கும்னு."

நான் மூத்தவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடி உள்ளே விழுந்த நொடியில் அவள் தோள் இறங்கியது, எத்தனையோ நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. வந்த மூச்சு முழுசாக வந்து முடிவதற்குள் தையல்காரர், "சரி, அடுத்த தடவை அளவைக் கூட்டி வெட்டினா போச்சு, உங்க ஊருக்கே வந்து செஞ்சு எடுத்துட்டுப் போறேன்" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டார். தோள் மறுபடி ஏறிக்கொண்டது.

ஆனால் தையல்காரர் கை சும்மா இருக்கவில்லை. சின்ன மூடியைத் தொப்பைக்குள்ளிருந்து எடுத்து, சின்னக் கிண்ணத்தின்மேல் மறுபடி வைத்தார். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். கால் சுற்றுத் திருப்பி வைத்தார், அப்போதும் அதே சத்தம். குனிந்து விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். தம்பியும் மறுபக்கமிருந்து குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இடுக்கைப் பார்த்தார். இரண்டு தலையும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன.

"எதை வச்சுடா அளந்தே?" என்றார் தையல்காரர்.

முற்றத்தில் அந்த வார்த்தை யாருக்கும் விசேஷமாகப் படவில்லை. எங்கள் தெருக்காரர்கள் மட்டும் அசையாமல் நின்றோம்.

"மூடியோட அடிவளையத்தை வச்சு."

"காகிதத்துல வரைஞ்சா?"

"இல்லண்ணே. நூல் சுத்தி."

"ம்" என்றார் அண்ணன். அவர் வாயிலிருந்து வந்த 'ம்'முக்கு எங்கள் தெருவில் ஒரு மதிப்பு உண்டு. தைத்ததில் குறை இல்லை என்று அர்த்தம்.

அதோடு விட்டிருக்கலாம். கையுறை ஐயா, பெரிய மனிதர், இடையில் புகுந்து எல்லோருக்குமாக ஒன்றை அறிவித்தார்: பட்டறையில் செய்ததை அவரவர் இப்போது வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று. தையல்காரர் தன் மூடியை எடுத்துக்கொண்டார். தம்பி தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். இப்போது அண்ணன் கையில் ஒரு பெரிய கிண்ணமும் அதற்குச் சேராத சின்ன மூடியும். தம்பி கையில் ஒரு பெரிய மூடியும் அதற்குச் சேராத சின்னக் கிண்ணமும். போன தடவை ஒன்றைப் பிரித்தவர்கள் இந்தத் தடவை இரண்டைப் பிரித்தார்கள். தாய்மாமன் அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று.

"அதைக் கீழ வைங்க."

மூத்தவள்தான். அவள் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது.

"ரெண்டு பேரும் கீழ வைங்க. பெரிசுக்கு நீங்க எத்தனை வருஷம் வேணும்னாலும் அடிச்சுக்கோங்க. இந்தச் சின்னது எங்களுக்கு."

"எங்களுக்குன்னா?" என்றார் தையல்காரர்.

"எனக்கும் அவளுக்கும்."

தையல்காரர் இளையவளைப் பார்த்தார், பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் எப்பலேர்ந்து பேசிக்கிறீங்க?"

"நாங்க எப்ப மாமா பேசாம இருந்தோம்?" என்றாள் இளையவள். கேட்ட தம்பி துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மூத்தவள் நிறுத்தவில்லை. இன்றைக்கு விட்டால் இனி வராது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் வீடு மாத்த வரலை. உங்க மூடி பொருந்தினாலும் வரலை, பொருந்தாட்டியும் வரலை. உங்களுக்குப் போகணும்னா கிண்ணத்தைத் தூக்கிட்டுப் போங்க. எனக்கு எதிர்வீடு வேணும்."

தையல்காரர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். பிறகு சின்ன மூடியை மேஜையில் வைத்தார். அதைப் பார்த்துவிட்டுத் தம்பியும் கிண்ணத்தை வைத்தார். மூத்தவள் ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்தி எடுத்து இளையவள் கையில் கொடுத்தாள்.

"பெரிய மூடியைத் தர மாட்டேன்" என்றார் தம்பி, பொதுவாக, வானத்தைப் பார்த்து.

"யாருடா கேட்டா" என்றார் அண்ணன்.

அன்று நால்வரும் ஒன்றாகத்தான் தெருவில் நடந்து போனார்கள். ஒன்றாக என்றால், பெண்கள் இருவரும் முன்னால் பேசிக்கொண்டு, ஆண்கள் இருவரும் பின்னால் இந்த ஓரத்தில் ஒருவரும் அந்த ஓரத்தில் ஒருவருமாக. தொப்பை இன்னும் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறது, பெரிய மூடி தம்பி ஜன்னலில்தான் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அவசரப்படுவதாகத் தெரியவில்லை. சின்னது மட்டும் ஒரு வாரம் இந்த வீட்டில், ஒரு வாரம் அந்த வீட்டில். பட்டப்பகலில், நடுத்தெருவைக் குறுக்கே கடந்து இருவரில் ஒருத்தி தூக்கிக்கொண்டு போகிறாள். உள்ளே என்ன என்று ஒருநாள் மூத்தவளை நிறுத்திக் கேட்டேன். "அதான் மூடியிருக்குல்ல" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

சொன்ன வாரத்தில் தரகர் வந்தார். கையில் பையோடு, நல்ல விலைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தோடு. தையல்காரர் மெஷினிலிருந்து எழுந்து வந்து அவரை வாசலிலேயே நிறுத்தி, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். உங்களுக்கு இந்தக் கோட்டு முதுகில் இழுக்கிறதே, யார் தைத்தது என்றார். கையைத் தூக்கச் சொன்னார். தோளளவு எடுத்தார், கைநீளம் எடுத்தார், சுற்றிவந்து முதுகை எடுத்தார். தரகர் வீட்டுப் பேச்சை எடுத்தபோதெல்லாம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி நெஞ்சளவு எடுத்தார். கடைசியில் தரகர், "அப்ப வீடு?" என்று நேராகவே கேட்டார்.

தையல்காரர் வாயில் அதற்குள் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தார்.